பூமிக்கடியில் கிடைத்த காசு: கட்டவா, சேர்த்துவைக்கவா, கையில் கொடுக்கவா?

1975-இல் நைஜீரியாவின் லாகோஸ் துறைமுகத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றுகொண்டிருந்தன. பெரும்பாலானவற்றில் இருந்தது சிமெண்ட். 1973 கடைசியில் தொடங்கி சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறியிருந்தது. அந்தப் பணம் கையில் புரண்ட தைரியத்தில், படைவீடு கட்ட, சாலை போட என்று அரசு சுமார் 2 கோடி டன் சிமெண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. துறைமுகத்தால் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன்தான் இறக்க முடியும். கணக்குப் போட்டால் இருபது வருட வேலை. கப்பல்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தன. காத்துக் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் அரசு தாமதக் கட்டணம் கட்டியது. கடல் ஈரத்தில் சிமெண்ட் மூட்டைக்குள்ளேயே இறுகிக் கல்லாகிப் போனது. அந்த ஜூலையில் ஆட்சியும் கவிழ்ந்தது.

இயற்கை வளம் ஒரு நாட்டைக் கெடுக்குமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கப்பல் வரிசைதான். இதில் கமிஷன் இருந்தது, திருட்டும் இருந்தது. ஆனால் ஒரு பைசா திருடு போகாமல் இருந்திருந்தாலும் கப்பல்கள் நின்றிருக்கும். தொண்டையைவிடக் கவளம் பெரிது.

எண்ணெயோ எரிவாயுவோ தாமிரமோ வைரமோ கிடைத்த நாட்டுக்கு முன்னால் இருக்கும் வழிகள் அதிகமில்லை. விலையைக் குறைத்து மக்களுக்கே விற்கலாம். உள்நாட்டில் கொட்டிக் கட்டலாம். வெளிநாட்டில் முதலீடு செய்து சேர்த்துவைக்கலாம். குடிமக்கள் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிடலாம். தோண்டாமலேயே விட்டுவிடவும் செய்யலாம். இவற்றை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பணம் எங்கே போகிறது என்று பார்க்கிறார்கள். எந்த வேகத்தில் போகிறது, மதகின் சாவி யார் கையில் இருக்கிறது என்ற இரண்டும்தான் அதைவிட அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாபம் என்கிறார்களே, அது உண்மையா?

‘வளச் சாபம்’ என்ற பெயரை 1993-இல் ரிச்சர்ட் ஆட்டி என்ற பொருளியல் புவியியலாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1995-இல் ஜெஃப்ரி சாக்ஸும் ஆண்ட்ரூ வார்னரும் பல நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்து, 1970-இல் வள ஏற்றுமதி அதிகம் இருந்த நாடுகள் அடுத்த இருபது ஆண்டுகளில் மெதுவாகத்தான் வளர்ந்தன என்று காட்டினார்கள். அதிலிருந்து இது ஒரு பாடப்புத்தக வாக்கியமாகவே ஆகிவிட்டது.

அந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோல், மொத்த உற்பத்தியில் வள ஏற்றுமதியின் பங்கு. வேறு எந்தத் தொழிலையும் வளர்க்கத் தெரியாத நாட்டில் அந்தப் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். பக்கத்தில் வேறு மரம் இல்லாததால் ஒற்றைப் பனை உயரமாகத் தெரிவதுபோல. பிறகு வந்த ஆய்வாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள்: மண்ணுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் சாபம் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது, வளத்தை மட்டுமே நம்பி வாழ்வது வேறு, வளம் இருப்பது வேறு என்றார்கள். ஆஸ்திரேலியா, கனடா, நார்வே எல்லாம் வளத்தில் கொழுத்த நாடுகள்தாம். ஆகவே ‘சாபம்’ என்ற சொல்லை நான் முழுசாக நம்புவதில்லை. ஆனால் ஆபத்து உண்டு, அதற்கு வழிமுறையும் உண்டு.

முதலாவது, ‘டச்சு நோய்’. நெதர்லாந்தில் 1959-இல் க்ரோனிங்கன் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. எரிவாயு விற்ற பணம் வந்த பிறகு அந்நாட்டின் மற்றத் தொழில்கள் நலிந்தன. 1977-இல் ஒரு லண்டன் வார இதழ் வைத்த பெயர்தான் டச்சு நோய். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, சட்டை தைத்து 10 டாலருக்கு ஏற்றுமதி செய்யும் ஒருவரை வைத்துக்கொள்வோம். டாலருக்கு 100 உள்நாட்டுக் காசு கிடைத்தபோது அவருக்கு வந்தது 1,000. எண்ணெய் டாலர்கள் வெள்ளமாக வந்து, டாலர் 70-க்கு இறங்கிவிட்டால் அதே சட்டைக்கு 700. கூலி மட்டும் இறங்காது. எண்ணெய்க் கம்பெனிக்கும் அதைச் சுற்றிக் கிளம்பிய கட்டுமான வேலைக்கும் ஆள் பிடிக்கிறார்கள் என்பதால் ஏறித்தான் இருக்கும். தையல் மிஷின் பழுதாகவில்லை, தொழிலாளி சோம்பேறியாகவில்லை, ஆனாலும் பட்டறைக்குப் பூட்டு விழுகிறது. எண்ணெய் தீர்ந்த பிறகு அதைத் திறக்கலாம் என்றால், கைத்தொழில் தெரிந்தவர்கள் கலைந்துபோயிருப்பார்கள், வாங்கிக்கொண்டிருந்தவர்கள் வேறு நாட்டுக்குப் போயிருப்பார்கள். நைஜீரியாவின் வடக்கே கானோவில் 1960-களில் நிலக்கடலை மூட்டைகளை அடுக்கி உயரமான பிரமிடுகளாக நிறுத்தியிருப்பார்கள். அப்போது அந்நாடு நிலக்கடலை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை. 1970-களில் வறட்சியும் பயிர் நோயும் அடித்தன. எண்ணெய்ப் பணத்தில் மிதந்த நாட்டுக்கு அதை மீட்டெடுக்கும் அவசரம் இல்லை. பிரமிடுகள் காணாமல் போயின.

இரண்டாவது, விலையின் ஆட்டம். 2008 ஜூலையில் 147 டாலரைத் தொட்ட பீப்பாய், அதே டிசம்பரில் 40-க்குக் கீழே. 2014 நடுவில் 110-க்கு மேல், 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே. இப்படிப்பட்ட வருமானத்தை நம்பி ஆசிரியர் சம்பளம் போடுவது எப்படி?

மூன்றாவதைச் சொல்வது எளிது, சரிசெய்வது கஷ்டம். கிணற்றிலிருந்து காசு வரும் அரசுக்கு மக்களிடம் வரி கேட்க வேண்டியதில்லை. வரி கட்டாதவருக்குக் கணக்குக் கேட்கும் பழக்கம் வருவதில்லை.

மலிவு பெட்ரோல்

இதை வேகமாக முடித்துவிடலாம், ஏனென்றால் இதற்கு ஆதரவாகச் சொல்ல அதிகமில்லை. வெனிசுவேலாவிடம் உலகிலேயே அதிகமாக, சுமார் 30,000 கோடி பீப்பாய் எண்ணெய் இருப்பு உண்டு. அங்கே பல ஆண்டுகள் ஒரு டேங்க் பெட்ரோலைவிடத் தண்ணீர் பாட்டில் விலை அதிகம். மலிவு விலையின் பெரும் பலன் கார் வைத்திருப்பவருக்குப் போகும். கார் இல்லாத ஏழைக்குச் சேருவது கொஞ்சம். மிச்சம் எல்லை தாண்டிக் கடத்தலுக்கு. கொடுத்த பிறகு திரும்ப எடுக்கவும் முடியாது: 1989-இல் காரகாஸில் பெட்ரோல் விலையையும் அதோடு சேர்ந்து பஸ் கட்டணத்தையும் ஏற்றியபோது வெடித்த கலவரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 2013-இலிருந்து எட்டு ஆண்டுகளில் அந்தப் பொருளாதாரம் முக்கால்வாசி சுருங்கியது. 2020 மே மாதம் ஈரானிலிருந்து கப்பலில் பெட்ரோல் வந்து இறங்கவேண்டிய நிலை. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக்கை 1960-இல் உருவாக்கியவர்களில் ஒருவரான வெனிசுவேலாக்காரர் பெரெஸ் அல்ஃபோன்சோ, பிற்காலத்தில் எண்ணெயைப் பிசாசின் மலம் என்று சொன்னதற்கு அவருடைய நாடே உதாரணமாகிவிட்டது.

உள்நாட்டில் கட்டுவது

லாகோஸ் கப்பல்களைப் பார்த்துவிட்டு, உள்நாட்டில் செலவழிப்பதே தப்பு என்று முடிவு கட்டக்கூடாது. அதே காலத்தில், அதே எண்ணெய் விலையில், இந்தோனேசியா வேறு மாதிரிச் செய்தது.

இரண்டு நாடுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பொருளியல்காரர்களுக்குப் பிடித்த விளையாட்டு, காரணமும் உண்டு. இரண்டும் பெரிய ஜனத்தொகை, பல இனம், பல மொழி, விவசாயம்தான் அடித்தளம், ராணுவ ஆட்சி. நேர்மையில் இந்தோனேசியா ஒரு படி மேல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுகார்த்தோ குடும்பத்தின் சொத்துக் கதை ஊரறிந்தது. அரசு எண்ணெய்க் கம்பெனி பெர்டமினா 1975-இல் 1,000 கோடி டாலருக்கு மேல் கடனில் மூழ்கி, அரசு தூக்கிவிட வேண்டியிருந்தது.

வித்தியாசம் பணம் இறங்கிய இடத்தில் தெரிகிறது. 1973-74-இலிருந்து ஐந்தாறு ஆண்டுகளில் இந்தோனேசியா 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. ஒவ்வொன்றும் சின்னக் கட்டடம், மூன்று வகுப்பறை, மூன்று ஆசிரியர். பெரிய ஆலை கட்டுவதற்கு ஆயிரம் பொருள் துறைமுகத்தில் இறங்கவேண்டும். சின்னப் பள்ளிக்குச் செங்கல்லும் மரமும் உள்ளூரிலேயே கிடைக்கும். இப்படி ஆயிரக்கணக்கான ஊர்களில் பிரிந்து இறங்கியதால் தொண்டை அடைக்கவில்லை. அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பிறகு அதிகம் சம்பாதித்தார்கள் என்பதையும் ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. எரிவாயுவை உரமாக்கி நெல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். நாட்டின் மிகப் பெரிய தொழிலான நெல்லை எண்ணெய் கொல்லவிடவில்லை. 1984-இல் அரிசியில் தன்னிறைவு.

இன்னொன்றும் செய்தார்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1978 நவம்பரில், எந்த நெருக்கடியும் வாசலில் வந்து நிற்காத நேரத்தில், நாணய மதிப்பை அவர்களாகவே குறைத்தார்கள்: டாலருக்கு 415 ரூப்பியா இருந்ததை 625 ஆக்கினார்கள். எண்ணெய் டாலர்களால் வீங்கியிருந்த ரூப்பியாவை இறக்கி, ரப்பரும் காபியும் விற்கும் விவசாயிக்குக் கையில் கூடுதல் காசு வரச் செய்தார்கள். டச்சு நோய்க்கு மருந்து கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

போட்ஸ்வானா இன்னும் துணிச்சலான கதை. 1966-இல் சுதந்திரம் வந்தபோது நாடு முழுக்கத் தார் போட்ட சாலை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அடுத்த ஆண்டே ஒராபாவில் வைரம் கிடைத்தது. அந்த நிலம் முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தாருடையது. அவர் நினைத்திருந்தால் இது எங்கள் குலச் சொத்து என்று சொல்லியிருக்கலாம். மாறாக, நிலத்தடி உரிமை குலங்களிடமிருந்து அரசுக்கு மாறும்படி 1967-இல் சட்டம் வந்தது. டி பியர்ஸ் கம்பெனியோடு பேசிப்பேசி, டெப்ஸ்வானா என்ற கூட்டு நிறுவனத்தில் பாதிக்குப் பாதி பங்கு வாங்கினார்கள். வைரப் பணத்தை அன்றாடச் செலவுக்கு எடுக்காமல் சாலை, பள்ளி, மருத்துவம் என்று போடவேண்டும் என்பதை பட்ஜெட் வழக்கமாகவே வைத்துக்கொண்டார்கள். மீந்ததை 1994-இலிருந்து புலா நிதியில் சேர்த்தார்கள். புலா என்றால் அவர்கள் மொழியில் மழை. பாலைவனம் பரந்த நாட்டில் நாணயத்துக்கும் நிதிக்கும் அதைவிட நல்ல பெயர் கிடைக்காது. சுதந்திரத்துக்குப் பிறகு முப்பது ஆண்டுகள் உலகின் மிக வேகமாக வளர்ந்த பொருளாதாரங்களில் ஒன்றாக அது இருந்தது.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும். போட்ஸ்வானாவின் வைரம் ஆழமான பாறைக் குழாய்க்குள் இருந்தது. பெரிய முதலீடும் இயந்திரமும் வேண்டும், சுற்றிலும் வேலி போட்டுவிடலாம். சியரா லியோனின் வைரம் ஆற்று மணலில் கிடந்தது; மண்வெட்டியும் சல்லடையும் இருந்தால் எவரும் எடுக்கலாம், துப்பாக்கி இருந்தால் எடுத்தவரிடமிருந்து பிடுங்கலாம். 1991-இலிருந்து 2002 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போருக்குத் தீனி போட்டது அந்த மணல். ஒரே கல்தான், கிடந்த விதம் வேறு. தலைவர்களைப் புகழும்போது மண்ணியலுக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்க வேண்டும்.

குறையும் சொல்லிவிடுகிறேன். போட்ஸ்வானா சாலை போட்டது, பள்ளி கட்டியது, ஆனால் வைரத்தைத் தவிர வேறு பெரிய ஏற்றுமதியை உருவாக்க முடியவில்லை. ஏற்றத்தாழ்வு அதிகம், இளைஞர்களுக்கு வேலை இல்லை. ஆய்வகத்தில் செய்த வைரம் சந்தைக்கு வந்து விலையை அடிக்க, 2024-இல் பொருளாதாரமே சுருங்கியது. அந்த ஆண்டுத் தேர்தலில், சுதந்திரம் முதல் ஆண்ட கட்சி தோற்றது.

வெளிநாட்டில் சேர்த்துவைப்பது

இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் நார்வேயில்தான் வந்து நிற்கும். நிற்கட்டும், நியாயம்தான். வடகடலில் எகோஃபிஸ்க் வயல் 1969 கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று எண்ணெய்க் கம்பெனிகளின் லாபத்தில் 78 சதவீதம் வரியாகப் போகிறது. அரசின் எண்ணெய் வருமானம் ஒரு நிதியில் சேர்ந்து, முழுக்க வெளிநாட்டுப் பங்குகளிலும் பத்திரங்களிலும் கட்டடங்களிலும் முதலீடாகிறது. உள்நாட்டில் ஒரு குரோனர்கூடப் போடுவதில்லை. டச்சு நோய் வராமலிருக்க அதுவே பெரிய காப்பு. 2001 விதிப்படி, நிதியின் எதிர்பார்க்கப்படும் வருவாயான 4 சதவீதத்தைத்தான் சராசரியாக பட்ஜெட்டுக்கு எடுக்கலாம். 2017-இல் அதை 3 ஆக்கினார்கள். 2024 முடிவில் நிதியில் இருந்தது சுமார் 19.7 லட்சம் கோடி குரோனர். தலைக்கு 35 லட்சம் குரோனர் என்று வைத்துக்கொள்ளலாம். உலகத்தின் பட்டியலிட்ட பங்குகளில் சுமார் 1.5 சதவீதம் அதன் கையில்.

ஆனால் நார்வேயைக் காட்டி அறிவுரை சொல்கிறவர்கள் ஒரு தேதியை விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் உற்பத்தி 1971-இல் தொடங்கியது. நிதிக்கான சட்டம் வந்தது 1990-இல். அதில் முதல் பணம் விழுந்தது 1996-இல். நடுவில் இருபத்தைந்து ஆண்டுகள்! அந்தக் காலத்தில் நார்வே என்ன செய்தது? வரப்போகும் எண்ணெயை நம்பிக் கடன் வாங்கியது, செலவழித்தது, 1980-களில் விலை விழுந்தபோது அடி வாங்கியது, கடனை அடைத்தது, பிறகுதான் மிச்சம் பிடித்தது. நார்வே போலச் செய் என்று ஒரு ஏழை நாட்டுக்குச் சொல்பவர், 1971-ஐத் தாண்டிக் குதித்து 1996-லிருந்து தொடங்கச் சொல்கிறார்.

மதகின் சாவி யார் கையில் இருந்தது என்பதற்கு ஒரு சின்னக் கதை. பாஸ்ராவில் பிறந்த ஈராக்கிய மண்ணியலாளர் ஃபாரூக் அல்-காசிம், 1968-இல் மகனின் மருத்துவத்துக்காக மனைவியின் நாடான நார்வேக்குக் குடிபெயர்ந்தார். ஆஸ்லோவில் இறங்கிய நாளில், மனைவியின் ஊருக்குப் போகும் ரயில் வரும்வரை நேரம் இருந்தது. நார்வேயில் எந்தெந்த எண்ணெய்க் கம்பெனிகள் இருக்கின்றன, எங்கே வேலை தேடலாம் என்று கேட்க அமைச்சக வாசலில் போய் நின்றார். உள்ளே இருந்தவர்களோ சில பேர், எண்ணெய் அனுபவம் இல்லாதவர்கள், வடகடல் துளைப்பு அறிக்கைகளைப் படித்துச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1972-இல் வந்த அரசு எண்ணெய்க் கம்பெனியும், அதிலிருந்து தனியாகக் கண்காணிக்கும் பெட்ரோலிய இயக்ககமும் அவர் கைப்பட எழுதப்பட்ட யோசனையிலிருந்து பிறந்தவை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அவருடைய திறமைகூட இல்லை. வாசலில் நின்ற ஒரு வெளிநாட்டுக்காரரைப் பார்த்து, தனக்கு என்ன தெரியாது என்று ஒப்புக்கொண்டு, வேலையில் அமர்த்திக்கொள்ளும் அலுவலகம் எண்ணெய் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது.

சேமிப்பில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, பேரப்பிள்ளைகளுக்காக. மற்றது, அடுத்த வருடம் விலை விழுந்தால் சமாளிக்க. இரண்டாவதற்குச் சிலி நல்ல சாட்சி. தாமிர விலை ஏறிய ஆண்டுகளில், நீண்டகாலச் சராசரி விலையை நிபுணர் குழு கணித்து, அதற்கு மேல் வருவதை அரசு ஒதுக்கிவைத்தது. 2008-இல் ஒரு பவுண்டு தாமிரம் 4 டாலரை ஒட்டி நின்றபோது, காசு இவ்வளவு இருந்தும் கொடுக்கமாட்டேன் என்கிறாரே என்று நிதியமைச்சர் ஆந்திரேஸ் வெலாஸ்கோவின் கொடும்பாவியை ஊழியர்கள் கொளுத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் விலை 1.50 டாலருக்குக் கீழே போய்விட்டது. 2009-இல் அவர் ஒதுக்கிவைத்த பணத்தை எடுத்து ஏழைக் குடும்பங்களுக்கும் வேலைகளுக்கும் இறக்கினார். கொடும்பாவி எரிக்கப்பட்ட அதே மனிதர் அரசிலேயே அதிகம் விரும்பப்பட்டவர்களில் ஒருவரானார்.

பேரப்பிள்ளைச் சேமிப்பு ஏழை நாட்டுக்குப் பொருந்தாது என்பதற்கு கானா. 2010 டிசம்பரில் எண்ணெய் பாய்ந்தது, 2011-இல் ஊரே மெச்சும் சட்டம் வந்தது: ஒரு பகுதி பட்ஜெட்டுக்கு, ஒரு பகுதி நிலைப்படுத்தல் நிதிக்கு, ஒரு பகுதி எதிர்காலத் தலைமுறைக்கு. காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. அதே நேரத்தில் அரசு வெளியே கடன் வாங்கிக்கொண்டே இருந்தது. 2015-இல் விற்ற டாலர் பத்திரத்துக்கு வட்டி 10.75 சதவீதம். அப்போது பாதுகாப்பான அமெரிக்க அரசுப் பத்திரம் தந்தது சுமார் 2 சதவீதம். இடது கையால் இரண்டு வட்டிக்குப் போட்டுவிட்டு வலது கையால் பத்தே முக்கால் வட்டிக்கு வாங்குவதற்குப் பெயர் சேமிப்பா? 2022 டிசம்பரில் கானா வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது.

சட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை மாற்ற நினைக்கும் கை தடுக்கப்படாவிட்டால் பலனில்லை. சாட் நாட்டில், கேமரூன் கடற்கரை வரை போகும் 1,070 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய்க்கு உலக வங்கி பணம் கொடுத்தபோது நிபந்தனை வைத்தது. வருமானத்தில் 10 சதவீதம் எதிர்கால நிதிக்கு என்று 1999-இல் சட்டம் வந்தது. 2003-இல் எண்ணெய் பாய்ந்தது. 2006 தொடக்கத்துக்குள் எதிர்கால நிதியையே ரத்து செய்தார்கள். 2008-இல் உலக வங்கிக் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டுத் தலைமுழுகினார்கள்.

நிதி இருந்தும் கரைந்துபோன கதைக்கு நவ்ரு. 21 சதுர கிலோமீட்டர் தீவு, நடுவே பாஸ்பேட் மேடு. 1968-இல் சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில் தலைக்கு வருமானத்தில் உலகின் உச்சியில். வரி இல்லை. சேர்த்த பணத்தில் மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம், சொந்த விமானக் கம்பெனி, லண்டன் மேடையில் ஓர் இசை நாடகத்துக்கு முதலீடு. நாடகம் சில வாரங்களில் படுத்தது. 2004-இல் கட்டடமும் கடனுக்குப் போனது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது அங்கே உவமை இல்லை. மேட்டையே சுரண்டி விற்றுவிட்டார்கள்.

கையில் கொடுப்பது

அலாஸ்கா இந்த யோசனைக்கு வந்ததே ஒரு கசப்பில்தான். 1969-இல் எண்ணெய் உரிமைகளை ஏலம் விட்டதில் 90 கோடி டாலர் வந்தது. அப்போதைய ஆண்டு பட்ஜெட்டைப்போலப் பல மடங்கு. சில ஆண்டுகளில் அது செலவாகி, எங்கே போனது என்று மக்கள் முணுமுணுத்தார்கள். 1976-இல் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தி, கனிம ராயல்டியில் குறைந்தது 25 சதவீதம் நிரந்தர நிதிக்கு என்று எழுதினார்கள். 1982-இலிருந்து ஆண்டுதோறும் அங்கே வசிக்கும் ஒவ்வொருவருக்கும், குழந்தை உட்பட, பங்குத்தொகை. முதல் ஆண்டு 1,000 டாலர், 2022-இல் 3,284, 2024-இல் 1,702. சும்மா வரும் காசு சோம்பேறியாக்கும் என்ற பயத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. மொத்த வேலைவாய்ப்பு குறையவில்லை, பகுதிநேர வேலை கொஞ்சம் கூடியது.

இந்த வழியின் நிஜமான பலம் அரசியலில் இருக்கிறது. நிதியில் கைவைத்தால் என் காசோலை சின்னதாகும் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஏழு லட்சம் காவல்காரர்கள். பலவீனமும் அதே இடத்தில்தான். 1980-இல் வருமான வரியை ஒழித்துவிட்டார்கள். எண்ணெய் விலை விழுந்ததும் பள்ளிக்குக் கொடுப்பதா, காசோலைக்குக் கொடுப்பதா என்று ஆண்டுதோறும் சண்டை. 2016-இல் கவர்னர் பங்குத்தொகையைப் பாதியாக வெட்டினார். காவல்காரர்கள் நிதியைக் காத்தார்கள், பள்ளியைக் காக்க ஆளில்லை.

ஈரான் 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக ஏறக்குறைய எல்லோருக்கும் மாதம் 4,55,000 ரியால் வங்கியில் போட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 45 டாலர். மலிவு பெட்ரோலிலிருந்து தப்பிக்க இதைவிட நேர்மையான பாதை குறைவு. ஆனால் தொகையை ஏற்றாமல் விட்டார்கள், பணவீக்கம் தின்றது, பத்து ஆண்டுகளில் அது கைச்செலவுக்கும் காணாத காசு.

தோண்டாமல் விடுவது

ஈக்வடார் 2007-இல் உலகத்திடம் ஒரு பேரம் வைத்தது: யாசுனி காட்டுக்கடியில் இருக்கும் எண்ணெயைத் தொடமாட்டோம், அதன் மதிப்பில் பாதியாக 360 கோடி டாலர் கொடுங்கள் என்று. 2013 வரை கையில் சேர்ந்தது சுமார் 1.3 கோடி. திட்டத்தைக் கைவிட்டுத் தோண்டினார்கள். 2023 ஆகஸ்டில் மக்களிடமே வாக்கெடுப்பு வைத்ததில் 59 சதவீதம் பேர் நிறுத்தச் சொன்னார்கள். காட்டுக்காகவும் அங்கே வாழும் மக்களுக்காகவும் இது சரியான முடிவாக இருக்கலாம். வளர்ச்சிக் கணக்கில் மட்டும் பார்த்தால், வெளியிலிருந்து பணம் வரும் என்று நம்பி இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அப்படியானால் எது?

என்னைக் கேட்டால், வருமானம் தொடங்கும் ஏழை நாடு முதலில் செய்யவேண்டியது பத்து வட்டிக் கடனை அடைப்பது. அதைவிட லாபமான முதலீடு எந்தப் பங்குச் சந்தையிலும் இல்லை. அடுத்து, சிலி வகையில் விலைச் சரிவுக்கான ஒரு சின்ன நிதி, இரண்டு மூன்று ஆண்டு சமாளிக்கும் அளவுக்கு. பேரப்பிள்ளை நிதி இப்போது வேண்டாம். இன்றைய பிள்ளை பேரனைவிட ஏழை. மீதியை இந்தோனேசியா போலச் சின்னச் சின்னதாக, ஊர் ஊராக, உள்ளூரில் கிடைக்கும் பொருளில். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும். அரசின் கை சுத்தமில்லை, தணிக்கை பேருக்குத்தான் என்றால், கணிசமான பங்கை ரொக்கமாகக் கொடுத்துவிடுவேன். ஆனால் வருமான வரியை ஒழிக்கமாட்டேன், வலது கையில் கொடுத்து இடது கையில் கொஞ்சம் வாங்குவேன். நார்வே மாதிரிக்கு வசதியான, கடனில்லாத, முதுமை கூடிவரும் நாடுகள் போகலாம். மலிவு பெட்ரோல் எந்த நாட்டுக்கும் வேண்டாம்.

இந்த முடிவை இப்போதே எடுத்துக்கொண்டிருக்கும் நாடு கயானா. சுமார் 8 லட்சம் மக்கள். 2015-இல் கடலடியில் எண்ணெய், 2019 டிசம்பரில் உற்பத்தி, 2022-இல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. 2016 ஒப்பந்தப்படி ராயல்டி 2 சதவீதம்தான், அதோடு கம்பெனி தன் செலவுக்கு எடுத்தது போக மிஞ்சும் லாப எண்ணெயில் பாதி; அந்தப் பேரம் மலிவாகப் போய்விட்டது என்று அங்கேயே சண்டை. இயற்கை வள நிதி இருக்கிறது; 2021-இல் அதன் விதியை மாற்றினார்கள், 2024-இல் எடுக்கும் வரம்பை உயர்த்தினார்கள். அதே ஆண்டு வயது வந்தவர்களுக்கு ஒருமுறை ரொக்கமாக 1,00,000 கயானா டாலர் அறிவித்தார்கள். சாலை, பாலம், மருத்துவமனை என்று எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் சேமிப்பு, கொஞ்சம் கட்டுமானம், கொஞ்சம் ரொக்கம் என்று எல்லா வழியிலும் ஒரு கால்.

நிதியின் இருப்பு எவ்வளவு என்று செய்தி வரும்போதெல்லாம் நான் அதைத் தாண்டிப்போய் வேறு ஒரு எண்ணைத் தேடுகிறேன். எண்ணெய்க்கு முன்பு அந்நாடு விற்றுக்கொண்டிருந்தது தங்கம், பாக்ஸைட், சர்க்கரை, அரிசி. இவற்றில் தங்கமும் பாக்ஸைட்டும் எப்படியும் யாராவது தோண்டுவார்கள். கடலோரச் சமவெளியில் நெல் போடுகிற விவசாயிக்கு, எண்ணெய் வேலைக்கு ஆள் போய்விட்ட பிறகும் அறுவடைக்கு ஆள் கிடைக்கிறதா, அரிசி கப்பல் ஏறுகிறதா என்பதுதான் அந்த எண்.